கரண்ட் வைத்த பிறகும் திரும்பி வந்த புராஸ்டேட் புற்றுநோய்: ஆபரேஷன் வரை, அதற்குப் பிறகு

மார்த்தாண்டத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். டாக்டர் இல்லை. ஆனால் லேப் சீட்டைக் கவுண்டரில் வைத்துவிட்டு "இது கூடுதலா?" என்று கேட்கிறவர்களை இருபது வருடமாகப் பார்க்கிறேன். அப்படி ஒருநாள் சீட்டை நீட்டியவர் என் சொந்தச் சித்தப்பா. திருவட்டார் பக்கம் ரப்பர் பால் வெட்டியே மூன்று பிள்ளைகளைக் கரையேற்றியவர். 2018-இல் புராஸ்டேட் புற்றுநோய் என்று தெரிந்து, திருவனந்தபுரத்தில் தங்கி 37 தடவை கரண்ட் வைத்தார். நம் ஊரில் கதிர்வீச்சுக்குப் பெயர் அதுதான். ஐந்து வருடம் கழித்து ரத்தத்தில் பி.எஸ்.ஏ. என்ற எண் ஏறத் தொடங்கியது. அதன் பிறகு நாங்கள் அலைந்ததையும், அலைந்ததில் கற்றதையும் வரிசையாக இங்கே எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. எண் ஏறியது என்றால் அன்றைக்கே எதையாவது செய்தாக வேண்டும் என்று இல்லை. பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்கள் அவகாசம் இருக்கிறது. நோய் எங்கே திரும்பி வந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க அந்த வாரங்களைச் செலவழிக்க வேண்டும். விதிவிலக்கும் உண்டு: முதுகில் புதிதாகக் கடுமையான வலி, கால் தளர்ச்சி, சிறுநீர் அடைப்பு. இதில் எது வந்தாலும் இந்தக் கட்டுரையை மூடிவைத்துவிட்டு அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள். எலும்புக்குப் பரவிய நோய் தண்டுவடத்தை அழுத்தினால் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு.

முதல் படி: எண் உண்மையிலேயே ஏறியிருக்கிறதா?

பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட் சுரப்பி ரத்தத்தில் விடும் ஒரு புரதம். ஆபரேஷன் செய்து சுரப்பியை எடுத்தவருக்கு அது ஏறக்குறைய இல்லாமலே போய்விடும். கரண்ட் வைத்தவருக்கு அப்படி இல்லை. சுரப்பி உள்ளேயே இருப்பதால் எண் மெல்ல மெல்ல இறங்கி, ஒன்றரை இரண்டு வருடத்தில் ஒரு அடிமட்டத்தில் நிற்கும். அந்த அடிமட்ட எண்தான் எல்லாக் கணக்குக்கும் ஆதாரம். 2005-இல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் கூடிய நிபுணர்கள் ஒரு அளவுகோல் வைத்தார்கள்: அடிமட்டத்தைவிட 2 நானோகிராம் கூடினால் நோய் திரும்பியதாகக் கொள்ளலாம். சித்தப்பாவின் அடிமட்டம் 0.4. அப்படியானால் கோடு 2.4. அவர் என்னிடம் நீட்டிய சீட்டில் இருந்தது 2.6.

ஆனால் ஒரே ஒரு சீட்டை நம்பி ஓடாதீர்கள். கரண்ட் வைத்த முதல் இரண்டு மூன்று வருடங்களில் எண் சும்மா ஒருமுறை துள்ளிவிட்டுத் தானாக இறங்குவது உண்டு. சிறுநீரில் கிருமி இருந்தாலும் ஏறும். கரண்டோடு சேர்த்து, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை அடக்கும் ஹார்மோன் ஊசியும் போட்டிருந்தால் இன்னொரு விஷயம்: ஊசியின் பிடி விட்டு டெஸ்டோஸ்டிரோன் திரும்பும்போது பி.எஸ்.ஏ.யும் கொஞ்சம் தலை தூக்கும். அதனால் பி.எஸ்.ஏ. பார்க்கும்போது டெஸ்டோஸ்டிரோனையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. ஃபினாஸ்டிரைடு, டூட்டாஸ்டிரைடு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை டாக்டரிடம் சொல்ல மறக்கக் கூடாது. அவை எண்ணைக் குறைத்துக் காட்டும். "மூத்திரம் தடையில்லாம போகத்தானே அந்த மாத்திரை, அதுக்கும் இதுக்கும் என்ன?" என்று கேட்டவர்கள் நிறையப் பேர்.

ஒரே லேபில் பாருங்கள். குலசேகரத்தில் ஒரு தடவை, நாகர்கோவிலில் ஒரு தடவை, திருவனந்தபுரத்தில் ஒரு தடவை என்று பார்த்தால் மிஷினுக்கு மிஷின் எண் மாறும். அது நோயின் ஏற்றமா மிஷினின் ஏற்றமா என்று யாராலும் சொல்ல முடியாது.

அப்புறம் வேகம். இன்றைக்கு எவ்வளவு என்பதைவிட, இரட்டிப்பாக எத்தனை மாதம் எடுத்தது என்பதுதான் டாக்டர் பார்ப்பது. ஒரு வருடத்துக்கு மேல் எடுத்து இரட்டிப்பானால் நோய் சாவகாசமாக நடக்கிறது. மூன்று மாதத்தில் இரட்டிப்பானால் அது சுரப்பிக்கு வெளியே போயிருக்கும் வாய்ப்பு அதிகம். கரண்ட் முடிந்த 18 மாதத்துக்குள்ளேயே கோட்டைத் தாண்டினாலும் அதே கவலைதான். சித்தப்பாவுக்கு ஐந்து வருடம் கழித்து, பத்துப் பதினொரு மாதத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் கணக்கில் ஏறியிருந்தது. அது நல்ல சகுனம் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. வீட்டில் அழுகை.

இரண்டாம் படி: ஊசிக்குக் கை நீட்டும் முன்

எங்களுக்கு நடந்த தவறு இங்கேதான், மயிரிழையில் தப்பினோம். சீட்டோடு போன இடத்தில், ஸ்கேன் எதுவும் எடுக்காமலே, "ஹார்மோன் ஊசி போட்டுவிடலாம், எண் இறங்கிவிடும்" என்றார்கள். ஊசி போட்டால் எண் இறங்கும்தான். அதில் பொய் இல்லை. ஆனால் அந்த ஊசி நோயை அடக்கி வைக்குமே தவிர வேரோடு எடுக்காது. அதோடு, ஊசி உள்ளே போன பிறகு பி.எஸ்.ஏ. நமக்கு எதையும் சரியாகச் சொல்லாது. ஸ்கேனில் தெரிய வேண்டியது மங்கலாம். சதை எடுத்துப் பார்த்தால் செல்களின் முகம் மாறியிருப்பதால் தரம் பிரிப்பதும் சிரமம். ஆபரேஷன் என்ற வழி இருக்கிறதா இல்லையா என்று பார்க்கும் முன்பே அந்த வழியில் முள் வெட்டிப் போட்டது போல.

எல்லோருக்கும் ஊசி தவறு என்று சொல்லவில்லை. நோய் எலும்புக்குப் போயிருந்தால் அதுதான் முதல் மருந்து. வயதும் உடல்நிலையும் ஆபரேஷனுக்கு இடம் கொடுக்காதவர்களுக்கும் அது வேண்டிவரலாம். நீங்கள் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "ஊசி போடும் முன் நோய் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடலாமா, டாக்டர்?" இதைக் கேட்டதற்காக யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்தால் இரண்டாவது கருத்துக்கு வேறு டாக்டரைத் தேடலாம். ஊசிக்குப் பதிலாக டெஸ்டோஸ்டிரோனை நிறுத்த விதைகளை எடுக்கும் ஆபரேஷனுக்கும் இதே கேள்வி பொருந்தும். செலவு குறைவு என்று நம் பக்கம் அதைச் சட்டென்று ஒப்புக்கொள்கிறார்கள். எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது.

மூன்றாம் படி: ஃபைலைக் கூட்டுங்கள்

குமரிக்காரனின் மருத்துவ ஃபைல் இரண்டு மாநிலத்தில் கிடக்கும். கரண்ட் திருவனந்தபுரத்தில், முதல் சதைப் பரிசோதனை நாகர்கோவிலில், சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மார்த்தாண்டத்தில். 1956 நவம்பர் 1-இல் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தாலும், உடம்பு சரியில்லை என்றால் களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் தம்பானூரில் இறங்கும் பழக்கம் போகவில்லை. தப்பும் இல்லை, திருவனந்தபுரத்தின் மண்டலப் புற்றுநோய் மையம் 1981-இலிருந்து நடக்கிறது, நாகர்கோவிலிலிருந்து ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர்தான். ஆனால் காகிதங்களை ஒன்றாகச் சேர்ப்பது நம் வேலை.

முதலில் வாங்க வேண்டியது கரண்ட் வைத்த இடத்தின் சிகிச்சைச் சுருக்கம். "37 தடவை வச்சோம்" என்று வாயால் சொன்னால் போதாது. மொத்தம் எத்தனை கிரே (கதிர்வீச்சின் அளவு), எத்தனை தவணை, இடுப்பு நிணக்கணுக்களுக்கும் சேர்த்து வைத்தார்களா, உள்ளே ஊசியாக வைக்கும் பிராக்கிதெரபி உண்டா, கூடவே ஹார்மோன் ஊசி எத்தனை மாதம் போட்டார்கள், இத்தனையும் அதில் இருக்க வேண்டும். அடுத்தது பழைய சதைப் பரிசோதனை ரிப்போர்ட். முடிந்தால் அதன் பிளாக்கையும் கேளுங்கள். மெழுகில் பதித்த சதைத் துண்டு அது, வேறு ஆஸ்பத்திரி மறுபடி பார்க்க உதவும். ஸ்கேனுக்கு ஃபிலிம் மட்டும் போதாது, சி.டி. வேண்டும். பிறகு எல்லா பி.எஸ்.ஏ. சீட்டுகளும் தேதி வரிசையில். லேப் சீட்டு வெப்பத்தாளில் அச்சாகியிருந்தால் ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். சித்தப்பாவின் 2019 சீட்டு வெறும் வெள்ளைத் தாளாகிக் கிடந்தது. அடிமட்ட எண் அதில்தான் இருந்தது. நல்லவேளையாக லேப் கம்ப்யூட்டரில் அழியாமல் இருந்தது.

நான்காம் படி: எங்கே இருக்கிறது?

இதற்கு மூன்று கருவிகள். எம்.ஆர்.ஐ. சுரப்பிக்குள் எந்த மூலையில் என்று காட்டும். சிறுநீர்ப்பை, மலக்குடல் பக்கம் நோய் ஒட்டியிருக்கிறதா என்றும் காட்டும். பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேன் உடம்பு முழுக்கத் தேடும். புராஸ்டேட் புற்றுச் செல்களின் மேல்தோலில் இருக்கும் ஒரு புரதத்தில் போய் ஒட்டிக்கொள்ளும் மருந்தில் கேலியம் போன்ற கதிரியக்கப் பொருளைச் சேர்த்து ஊசியாகப் போடுவார்கள். நோய் இருக்கும் இடம் ஸ்கேனில் பொட்டு வைத்தது போல் ஒளிரும். பழைய எலும்பு ஸ்கேனில் தெரியாத சின்னப் பரவலும் இதில் தெரியும். எல்லா ஊரிலும் இல்லை, செலவும் உண்டு. ஆனால் ஆபரேஷனை யோசிக்கிற ஆள் இதில் மிச்சம் பிடிக்கக் கூடாது என்பது என் எண்ணம். எலும்பில் நோயை வைத்துக்கொண்டு இடுப்பில் கத்தி வைப்பதைவிடப் பெரிய வீண்செலவு கிடையாது.

மூன்றாவது, சதை எடுத்துப் பார்ப்பது. "ஸ்கேன்லதான் தெரிஞ்சாச்சே, எதுக்கு இன்னும் குத்தணும்?" என்று சித்தி கேட்டாள். நியாயமான கேள்வி. கதிர்வீச்சு பட்ட சுரப்பியில் ஸ்கேன் ஏமாற்றலாம் என்பதுதான் பதில். நுண்ணோக்கியில் புற்றுச் செல்லைக் கண்ணால் காணாமல் இந்த ஆபரேஷனுக்குப் போகக் கூடாது. இதற்கும் காலம் இருக்கிறது: கரண்ட் முடிந்து இரண்டு வருடமாவது ஆகியிருக்க வேண்டும். அதற்கு முன் எடுத்தால், செத்துக்கொண்டிருக்கும் செல்லும் உயிருள்ள செல் போலத் தெரியும்.

இடையில் ஒரு எச்சரிக்கை, இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. கரண்ட் வைத்தவர்களுக்குச் சில வருடம் கழித்து மலத்தில் ரத்தம் வருவது உண்டு. அதற்காக கொலனோஸ்கோப்பிக்குப் போனால், கதிர்வீச்சு எடுத்த விஷயத்தை முதலில் சொல்லுங்கள். மலக்குடலின் முன்சுவரில் கதிர் பட்ட இடத்தில் சதை கிள்ளினால் புண் ஆறாமல் ஓட்டையாகிவிடும் ஆபத்து இருக்கிறது.

ஐந்தாம் படி: ஆபரேஷனுக்கு ஏற்ற ஆளா?

டாக்டர்கள் இதை சால்வேஜ் பிராஸ்டேடெக்டமி என்பார்கள். மீட்பு அறுவை என்று வைத்துக்கொள்ளலாம். சுரப்பி, விந்துக் குமிழ்கள், பக்கத்து நிணக்கணுக்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, சிறுநீர்ப்பையைக் கீழே இறக்கிச் சிறுநீர்க் குழாயோடு தைப்பார்கள். ஐரோப்பிய சிறுநீரகவியல் சங்கத்தின் வழிகாட்டுதல் யாருக்கு இது பொருந்தும் என்று சொல்கிறது: இன்னும் பத்து வருடமாவது வாழக்கூடிய உடல்நிலை, பெரிய உபநோய்கள் இல்லாமை, பி.எஸ்.ஏ. 10-க்குக் கீழ், சதைப் பரிசோதனையில் மிகக் கடுமையான தரம் இல்லாமை, நிணக்கணுவிலோ எலும்பிலோ நோய் இல்லாமை, முதன்முதலில் கண்டபோதே நோய் சுரப்பிக்குள் அடங்கியிருந்தது. சித்தப்பாவுக்கு 64 வயது, பி.எஸ்.ஏ. 2.9, சதையின் கடுமையைச் சொல்லும் கிளீசன் தரம் மூன்றும் நான்கும் ஏழு, பெட் ஸ்கேனில் இடப்பக்கம் ஒரே ஒரு பொட்டு. பொருந்தியது.

அதே மாதம் இன்னொரு பெரியவரும் இதே கதையோடு கடைக்கு வந்தார். 79 வயது, இதயத்தில் இரண்டு ஸ்டென்ட். எண் ஒன்றரை வருடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பு. அவருக்கு டாக்டர் சொன்னது: ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ரத்தம் பாருங்கள், மற்றபடி மட்டிப்பழம் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள். மகனுக்கு இது திருப்தி இல்லை. அப்பாவைக் கைவிட்டுவிட்டார்கள் என்று நினைத்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நோய் வந்து சேரும் முன் வயது வந்து சேர்ந்துவிடும் இடத்தில் கத்தி எதற்கு?

நடுவில் வேறு வழிகளும் உண்டு. உறையவைத்துக் கொல்லும் கிரையோ, ஒலி அலையால் சுடும் ஹைஃபூ, மறுபடியும் கதிர்வீச்சைக் குறிபார்த்து உள்ளிருந்தோ வெளியிலிருந்தோ கொடுப்பது. 2021-இல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு இவை எல்லாவற்றையும் ஆபரேஷனோடு ஒப்பிட்டுப் பார்த்தது. ஐந்து வருடம் நோய் தலைகாட்டாமல் இருந்தவர்கள் எந்த வழியில் போனாலும் சுமார் 50 முதல் 60 சதவீதம். பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் சிறுநீர்ப் பாதையில் கடுமையான தொந்தரவு, ஆபரேஷனிலும் ஹைஃபூவிலும் 21 சதவீதத்துக்கு மேல். மறு கதிர்வீச்சில் 10-க்கும் கீழ். எனவே அறுவை நிபுணரை மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். கதிர்வீச்சு நிபுணரையும் பாருங்கள். சுத்தியல் வைத்திருப்பவருக்கு எல்லாம் ஆணியாகத் தெரியும் என்பது நம் ஆசாரிமார் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

அப்படியானால் நாங்கள் ஏன் ஆபரேஷன்? சித்தப்பாவுக்கு முதல் கரண்டிலேயே சிறுநீர்ப்பை கொஞ்சம் புண்பட்டு அவ்வப்போது ரத்தம் வந்துகொண்டிருந்தது. இன்னொரு தடவை கதிர் தாங்காது என்று கதிர்வீச்சு டாக்டரே சொல்லிவிட்டார்.

ஆறாம் படி: அறுவை நிபுணரிடம் கேட்க வேண்டியவை

கரண்ட் வைக்காத சுரப்பியை எடுப்பதும் கரண்ட் வைத்த சுரப்பியை எடுப்பதும் ஒன்றல்ல. கதிர் பட்ட திசு தழும்பாகி இறுகும். சுரப்பிக்கும் மலக்குடலுக்கும் நடுவே இருந்த வழுவழுப்பான இடைவெளி ஒட்டிப்போகும். ரத்த ஓட்டம் குறைவதால் தையல் ஆற நாளாகும். டாக்டர் இதை விளக்கிக்கொண்டிருந்தபோது சித்தப்பா குறுக்கே புகுந்தார்: "பட்டையில காஞ்சு கெடக்கிய ஒட்டுப்பால உரிக்கிய மாதிரியாக்கும், இல்லியா டாக்டரே? இழுத்தா பட்டையும் சேந்து வரும்." டாக்டர் மலையாளி, அவர் வீட்டிலும் ரப்பர் இருந்திருக்க வேண்டும். சிரித்துவிட்டு, "அதேதான், அந்தப் பட்டைதான் உங்க மலக்குடல்" என்றார்.

முதல் கேள்வி: கரண்ட் வைத்தவர்களுக்கு இந்த ஆபரேஷன் நீங்கள் எத்தனை செய்திருக்கிறீர்கள்? சாதாரண புராஸ்டேட் ஆபரேஷன் நூறு செய்தவராக இருக்கலாம். அது வேறு கணக்கு. இது அடிக்கடி நடக்கும் ஆபரேஷன் இல்லை, அதனால் கை பழகிய இடத்தைத் தேடிப் போவதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ரோபோவா, துளை போட்டுச் செய்வதா, வயிற்றைத் திறந்தா என்பது எனக்கு இரண்டாவது கேள்வியாகத்தான் படுகிறது. கருவியைவிடக் கை முக்கியம்.

பிறகு சிறுநீர்க் கசிவு. இதை நேருக்கு நேர் கேளுங்கள், வீட்டுப் பெண்கள் முன்னால் கூச்சமாக இருந்தால் அவர்களை வெளியே காத்திருக்கச் சொல்லிவிட்டாவது கேளுங்கள். 2012-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், ஆபரேஷனுக்குப் பின் சிறுநீரை அடக்க முடிந்தவர்கள் இடத்துக்கு இடம் 21 சதவீதத்திலிருந்து 90 சதவீதம் வரை. இவ்வளவு அகலமான எண் என்றால், "எங்க ஆஸ்பத்திரியில் எவ்வளவு?" என்பதுதான் கேள்வி. தைத்த இடம் சுருங்கிச் சிறுநீர் அடைப்பது 7 முதல் 41 சதவீதம். மலக்குடலில் காயம் பழைய கணக்குகளில் 28 சதவீதம் வரை போயிருக்கிறது, சில இடங்களில் ஒன்றுமே இல்லை. காயம் பட்டால் சில மாதம் வயிற்றில் பை வைத்து மலத்தைத் திருப்பிவிட வேண்டிவரலாம். அதற்கான சம்மதத்தையும் முன்னாலேயே வாங்குவார்கள்; பயந்துவிடாதீர்கள், படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள்.

விறைப்பு பெரும்பாலும் போய்விடும். விந்து வெளிவராது. இதைச் சொல்லும்போது பல ஆண்கள் "இந்த வயசுல அதெல்லாம் எதுக்கு" என்று தள்ளிவிடுவார்கள், பிறகு தனியாக என்னிடம் வந்து மாத்திரை கேட்பார்கள். இந்த ஆபரேஷனுக்குப் பின் மாத்திரை பலருக்கு வேலை செய்யாது. ஊசி, வேக்கும் பம்ப், உள்ளே பொருத்தும் கருவி என்று வேறு வழிகள் உண்டு. டாக்டரிடமே கேளுங்கள்.

இத்தனைக்கும் பலன்? அதே 2012 தொகுப்பாய்வில், பத்து வருடம் கழித்தும் இந்தப் புற்றுநோயால் சாகாமல் இருந்தவர்கள் 70 முதல் 83 சதவீதம். பி.எஸ்.ஏ. மறுபடி தலைகாட்டாமல் ஐந்து வருடம் இருந்தவர்கள் 47 முதல் 82. ஆபரேஷனுக்கு முந்தைய பி.எஸ்.ஏ. குறைவாக, சதையின் தரம் லேசாக இருந்தவர்கள்தான் இந்தக் கணக்கின் மேல்பக்கத்தில் இருந்தார்கள்.

ஏழாம் படி: பணமும் பயணமும்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ஆனால் அட்டை இருக்கிறது என்று கிளம்பிவிடாதீர்கள். அந்த ஆஸ்பத்திரி பட்டியலில் இருக்கிறதா, இந்த ஆபரேஷன் அதில் வருகிறதா, பெட் ஸ்கேனுக்குச் செல்லுமா என்று காப்பீட்டு மேசையில் தனித்தனியாகக் கேளுங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் முதலில் காட்டிப் பரிந்துரை வாங்கிக்கொண்டு போவது பல இடங்களில் கதவைத் திறக்கும்.

சென்னை, வேலூர் என்று போகிறவர்களுக்கு ரயில் சலுகை இருக்கிறது, பலருக்குத் தெரியவில்லை. சிகிச்சை பெறும் ஆஸ்பத்திரியில் படிவம் வாங்கிக் கொடுத்தால், புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏ.சி.யிலும் கட்டணமே கிடையாது; கூடப் போகிற ஒருவருக்கு 75 சதவீதம் சலுகை. கீழ்ப் படுக்கை கேளுங்கள். திரும்பி வரும்போது சிறுநீர் டியூபும் பையும் இருக்கும், மேலே ஏற முடியாது.

எட்டாம் படி: ஆபரேஷனுக்கு முந்தைய ஒரு மாதம்

பீடி, சிகரெட், வெற்றிலையோடு புகையிலை, மூன்றையும் நிறுத்த வேண்டும். கதிர் பட்ட சதை ஆறுவதே பாடு, அதில் புகையிலையும் சேர்ந்தால் தையல் விடும். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் எப்போது நிறுத்துவது என்று இதய டாக்டரிடம் எழுதி வாங்குங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். சர்க்கரை கட்டுக்குள் வர வேண்டும். வர்ம வைத்தியரிடம் கஷாயமும் லேகியமும் சாப்பிடாத வீடு நம் பக்கம் அபூர்வம். சாப்பிட்டால் ஒளிக்காமல் மயக்க டாக்டரிடம் சொல்லுங்கள், சில மூலிகைகள் ரத்தம் உறைவதைக் கெடுக்கும்.

சிறுநீர்ப்பைக்குள் சின்ன கேமரா விட்டுப் பார்ப்பார்கள். நோய் சிறுநீர்ப்பையின் கழுத்தில் ஏறியிருக்கிறதா, கதிர்ப்புண் எவ்வளவு என்று தெரிவதற்காக. இடுப்புத் தசைப் பயிற்சியை இப்போதே தொடங்குங்கள். ஒண்ணுக்குப் போகும்போது பாதியில் நிறுத்தினால் எந்தத் தசை இறுகுமோ அதுதான் பழக வேண்டிய தசை. அதைக் கண்டுபிடிக்க ஒரு தடவை அப்படி நிறுத்திப் பார்க்கலாம்; தினமும் அப்படிச் செய்யக் கூடாது. உட்கார்ந்தோ படுத்தோ, ஐந்து நொடி இறுக்கி ஐந்து நொடி விட்டு, பத்துப் பத்தாக நாளுக்கு மூன்று வேளை. சித்தப்பா பஸ்ஸில் செய்வார். பார்க்கிறவர்களுக்கு ஏதோ தியானம் என்று தோன்றும்.

ஒன்பதாம் படி: டியூபோடு வீட்டில்

மூன்று நான்கு மணி நேர ஆபரேஷன், சில நாள் ஆஸ்பத்திரி. அதன் பிறகு டியூபோடு அனுப்புவார்கள். மற்றவர்களுக்கு ஒன்று இரண்டு வாரத்தில் எடுக்கும் டியூபை, கரண்ட் வைத்தவர்களுக்கு இரண்டு மூன்று வாரம், சில சமயம் அதற்கு மேலும் வைப்பார்கள். எடுக்கும் முன் சிறுநீர்ப்பைக்குள் மருந்தேற்றிப் படம் எடுத்து, தையலில் கசிவு இல்லை என்று உறுதி செய்வார்கள்.

இந்த மூன்று வாரத்தில் இரண்டு விஷயம் உயிர்போனாலும் மறக்கக் கூடாது. டியூப் தற்செயலாக வெளியே வந்துவிட்டால், பக்கத்து நர்ஸோ கம்பவுண்டரோ மறுபடி போட விடாதீர்கள். தையல் கிழிந்துபோகும். ஆபரேஷன் செய்த இடத்துக்கு உடனே போன் செய்யுங்கள். இரண்டாவது, மலம் இறங்கவில்லை என்று எனிமா வைக்கக் கூடாது, ஆசனவாயில் மருந்தும் வைக்கக் கூடாது. மலக்குடல் சுவர் மெலிந்திருக்கும். முக்கவும் கூடாது. மலமிளக்கி மருந்தை டாக்டரிடம் எழுதி வாங்கி முதல் நாளிலிருந்தே கொடுங்கள்.

பையைக் கட்டில் சட்டத்தில், எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்கவிடுங்கள். சித்தப்பா வீட்டில் கட்டில் கிடையாது, பாய்தான். பை தரையில் கிடந்து நிரம்பி, சிறுநீர் உள்ளே தேங்கியது. கடைசியில் பெஞ்சு இரண்டைச் சேர்த்துப் போட்டோம். பையில் சிவந்த நிறம் கொஞ்சம் வரலாம். கட்டி கட்டியாக ரத்தம் வந்தாலோ, டியூப் வடியாமல் அடிவயிறு உப்பினாலோ, காய்ச்சல் நூறு டிகிரி தாண்டினாலோ, சிறுநீரோடு காற்றோ மலமோ வந்தாலோ அன்றே கிளம்புங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் ரத்தக்கட்டி. அதற்கும் காத்திருக்கக் கூடாது.

பத்தாம் படி: கசிவும் சுருக்கமும்

டியூப் எடுத்த அன்று சித்தப்பா அழுதார். எழுந்து நின்றதும் வேட்டி நனைந்துவிட்டது. இடுப்பில் இருந்த தோர்த்தைச் சுற்றிக்கொண்டு, "மக்கா, இதுக்கு அந்த நோயே இருந்திருக்கலாம்" என்றார். எண்களைப் படித்துக்கொண்டு போன எனக்கே அந்த நேரத்தில் சொல்ல ஒன்றும் வரவில்லை.

முதல் மாதம் ஒரு நாளைக்கு ஆறு பேட். மருந்துக்கடைக்காரன் வீட்டிலேயே இவ்வளவு போகிறது என்றால் மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்று யோசித்துக்கொண்டேன். செலவைக் குறைக்க நாள் முழுக்க டயப்பர் கட்டாதீர்கள், தொடை வெந்துபோகும். ஆண்களுக்கான சின்ன பேட் கிடைக்கிறது. நனைந்த பேடைச் சமையல் தராசில் வைத்துப் பாருங்கள். காய்ந்த பேடின் எடையைக் கழித்தால் மிச்சம் இருக்கும் ஒவ்வொரு கிராமும் ஒரு மில்லி சிறுநீர். சித்தி கருப்பட்டி நிறுக்கும் தராசை இதற்கு ஒதுக்கி வைத்தாள். நாளுக்கு நாள் எடை குறைவது கண்ணில் தெரிந்தால் மனசுக்குத் தெம்பு. தண்ணீர் குடிப்பதைக் குறைக்காதீர்கள். சிறுநீர் கெட்டியாகிச் சிறுநீர்ப்பை இன்னும் எரியும். காப்பியும் கடுஞ்சாயாவும் குறைத்தால் போதும்.

நான்காவது மாதம் எதிர்பார்க்காத இடத்தில் அடித்தது. கசிவு சட்டென்று நின்றது; குணமாகிவிட்டது என்று வீட்டில் சந்தோஷம். குணம் இல்லை அது, அடைப்பு. தைத்த இடம் சுருங்கிவிட்டது. சிறுநீர் நூல் போலப் போனால், முக்கினால்தான் வருகிறது என்றால், உடனே காட்டுங்கள். கேமரா விட்டு அந்த இடத்தைக் கீறி விரித்தார்கள். கசிவு திரும்ப வந்தது. சிலருக்கு இதை இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டியிருக்கும்.

ஒரு வருடம் ஆகியும் நிறையக் கசிந்தால் செயற்கைச் சுருக்குத்தசை பொருத்தலாம். விதைப்பையில் இருக்கும் சின்ன பம்பை அமுக்கினால் சிறுநீர் திறக்கும். விலை லட்சக்கணக்கில். கதிர் பட்ட உடம்பில் அது அரித்து வெளிவரும் ஆபத்தும் மற்றவர்களைவிடக் கூடுதல். அதை வைத்த பிறகு எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், டியூப் போடும் முன் இந்தக் கருவி உள்ளே இருப்பதைச் சொல்ல வேண்டும். சித்தப்பாவுக்கு அது தேவைப்படவில்லை. பதினோராவது மாதம் ஒரு பேடுக்கு வந்தார். அந்த ஆடி அமாவாசைக்குக் குழித்துறை வாவுபலிக்குப் போய், கூட்டத்தில் நின்று, வழக்கம்போல மாங்கன்று பேரம் பேசி வாங்கி வந்தார்.

அதற்குப் பிறகு

ஆபரேஷனுக்குப் பின் பி.எஸ்.ஏ. கணக்கு மாறுகிறது. இப்போது சுரப்பியே இல்லை, ஆகவே அடிமட்டம், கூட்டல் இரண்டு என்ற பழைய பேச்செல்லாம் இல்லை. ஆறு வாரம் முதல் மூன்று மாதத்துக்குள் முதல் பரிசோதனை; எண் 0.1-க்கும் கீழே, லேபால் அளக்க முடியாத அளவுக்குப் போயிருக்க வேண்டும். 0.2-ஐத் தொட்டு, மறுமுறை பார்த்தும் குறையவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள். ஹார்மோன் ஊசி அப்போதும் கையில் இருக்கிறது, முன்னாலேயே செலவழித்துவிடவில்லை. எடுத்த சுரப்பியின் ரிப்போர்ட்டில், ஓரத்தில் நோய் இருந்ததா, நிணக்கணுக்களில் இருந்ததா என்ற இரண்டு வரியைத் தேடிப் படியுங்கள். அடுத்து எவ்வளவு அடிக்கடி பார்க்க வேண்டும் என்பதை அதை வைத்துத்தான் தீர்மானிப்பார்கள்.

முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று எங்களுக்குச் சொன்னார்கள். சித்தப்பா காலையில் வெட்டு முடித்து, ரத்தம் கொடுத்துவிட்டு, சாயங்காலம் சீட்டோடு கடைக்கு வருவார். நான் நோட்டில் தேதியும் எண்ணும் எழுதுவேன், அவர் தலைகீழாக எட்டிப் பார்ப்பார். பிறகு பேட் ஒரு பாக்கெட். பேப்பரில் பொதிந்துதான் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கோபம் வரும்.